அப்டேட் முதலில் டோக்கன் கவுண்டருக்கே வர வேண்டும்

அனுப்புநர்
பட்டுவின் அம்மா,
டோக்கன் கவுண்டர், தரைத்தளம்.

பெறுநர்
நிர்வாக அதிகாரி அவர்கள்,
பொது ஆஸ்பத்திரி.

பொருள்: கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும் அப்டேட், முன்புபோல் முதலில் எனது கவுண்டருக்கு வருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்து, போன மாதம் இங்கேயே மூன்றாம் மாடியில் காய்ச்சலில் இறந்துபோனவள் என் மகள். பதிவேட்டில் வேறு பெயர் இருக்கும். அதை எழுதக் கை வரவில்லை. எனக்கு அவள் பட்டு.

2. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அப்டேட் அனுப்புவது அவள் வேலை என்று தங்களுக்குத் தெரியும். எப்படி அனுப்புவாள் என்பது தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். முதலில் என் கவுண்டருக்கு மட்டும் அனுப்புவாள். இங்கே இருப்பதிலேயே பழைய மிஷின் என்னுடையது. "இந்தக் கிழவி தாங்கிட்டா மத்ததெல்லாம் தாங்கும்மா" என்பாள். "யாரைடி கிழவிங்கிற?" என்று கேட்டால், "ரெண்டு பேரையும்தான்" என்பாள். கெட்டுப்போனால் அம்மாவிடம் மட்டும் திட்டு வாங்கினால் போதும், ஊரிடம் வாங்க வேண்டாம் என்பதும் அவள் கணக்கு.

3. நான் கொஞ்ச நேரம் டோக்கன் அடித்துப் பார்ப்பேன். பிறகு போன் வரும். "அம்மா, அனுப்பிடட்டுமா?" என்பாள். அவ்வளவு படித்தவள், என் வாயிலிருந்து "அனுப்புடி" என்று வரும்வரை காத்திருப்பாள். அதன் பிறகும் ஒரேயடியாக அனுப்ப மாட்டாள். மாடிக்கு ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுப்பாள். அது பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் கொடுத்துவிடுமாம். மாடிக்கு ஒரு பிளாஸ்க் டீ அனுப்பிவிட்டால் எல்லாரும் கீழே வந்து முட்டி மோத வேண்டாம் அல்லவா, அதுபோல என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். என்ன மூளை ஐயா அவளுக்கு!

4. அவள் இருந்தவரை அப்டேட்டால் வரிசை நின்றதே இல்லை. அவள் வேலை செய்ததே யாருக்கும் தெரியாது, அவ்வளவு சுத்தமாகச் செய்வாள். காய்ச்சலோடு அவளை இங்கே சேர்த்த அன்று அவளுக்கும் நான்தான் டோக்கன் அடித்தேன். மிஷின் கொஞ்சமும் தடுமாறாமல் உடனே கொடுத்தது. அதுவும் அவள் செய்து வைத்ததுதான்.

5. போன புதன்கிழமை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அப்டேட் அனுப்பினார்கள். டோக்கன், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்தாற்போல் நின்றன. வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. கைக்குழந்தையோடு ஒருத்தி முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா, பொட்டி தூங்குதா?" என்று கத்தினார்கள். வாங்கிக்கொண்டேன். அவள் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பியைக் குறை சொல்லவில்லை. பாவம், அவரே ஓடிவந்து துண்டுத் தாளில் நம்பர் எழுதிக் கொடுத்தார். சொல்லிக் கொடுக்க வேண்டியவள் இல்லாதபோது அவர் என்ன செய்வார்?

6. இப்போது என் மிஷின் அப்டேட்டுக்கு லாயக்கில்லை என்று எடுத்துவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, தயவுசெய்து எடுக்க வேண்டாம். எது வந்தாலும் முதலில் இங்கே வரட்டும். அந்தத் தம்பி எனக்குப் போன் செய்து கேட்கட்டும். நான் பார்த்துச் சொன்ன பிறகு மேலே போகட்டும். கெடுவதானால் என்னிடம் கெடட்டும், நோயாளிகளிடம் வேண்டாம். இதற்குத் தாங்கள் ஒரு உத்தரவு போட்டால், என் மகள் செய்த வேலை நிற்காமல் நடக்கும்.

இடம்: டோக்கன் கவுண்டர்
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
பட்டுவின் அம்மா
(கையெழுத்து)

பட்டு, எழுதி முடித்துவிட்டேன். அனுப்பிடட்டுமாடி?