கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் பைனாகுலர்

மார்ச் 4

போர்க்கப்பலில் அப்பா வைத்திருந்த பைனாகுலரை மியூசியத்தில் வைக்கப் போகிறார்களாம். அதன் கீழே வைக்கும் விளக்க அட்டை எங்கள் அச்சகத்தில்தான் தயாராகிறது. புரூஃப் பார்த்துத் திருத்துவது நான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

சின்ன வயதில் எங்களுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டிய கதைதான் அட்டையில். சரக்குக் கப்பலை மூழ்கடித்த எதிரி நீர்மூழ்கி தண்ணீருக்கு மேல் நீட்டிய பெரிஸ்கோப் குழாயை மறுநாள் அப்பாதான் முதலில் பார்த்தார், நாலு குண்டில் ஆள் காலி. அப்பா இரண்டு வரியில் சொன்னதை அம்மா கைகால் வைத்து வளர்த்தாள். அண்ணன் விரலை நீட்டிப் பெரிஸ்கோப் ஆவான், நான் சுடுவேன். அப்பா எழுந்து போய்விடுவார். தன்னடக்கமாம்.

மார்ச் 6

படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு அட்டையைப் படித்துக் காட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 7

"அது பெரிஸ்கோப் இல்லம்மா. துடுப்பு."

முதலில் புரியவில்லை. அப்பா துண்டு துண்டாகச் சொன்னார். அலை ஆள் உயரத்துக்கு மேல். ஒரு படகு அலைகளின் பள்ளத்தில் மறைந்திருந்தது. உதவி கேட்டு நிமிர்த்திப் பிடித்த துடுப்பின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. எதிர்வெயில் வேறு. பெரிஸ்கோப் என்று கத்தினார். சுட்டார்கள். கிட்டே போனபோது உடைந்த பலகையில் அந்தச் சரக்குக் கப்பலின் பெயர். மூழ்கிய கப்பலிலிருந்து தப்பிய எங்கள் பக்கத்து ஆட்களேதான். ஒன்பது உடல்களை எண்ணினாராம்.

"நீ பார்த்தது பெரிஸ்கோப், வேற பேசாதே"ன்னு கேப்டன் சொல்லிவிட்டார். அதற்குப் பதக்கம் வேறு.

"சாகறதுக்குள்ள அந்த அட்டையை மாத்திடும்மா."

அய்யோ அப்பா. எப்படித்தான் இத்தனை வருஷம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?

மார்ச் 9

அண்ணனிடம் சொன்னேன். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்றான். பிறகு, தன் பிள்ளைகள் எந்த முகத்தோடு வெளியே போவார்கள் என்றான். அப்படியானால் நம்புகிறான்.

மார்ச் 11

கடைசி புரூஃப் வந்தது. ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கோழை நான், வேறென்ன.

மாற்றியாயிற்றா என்று அப்பா கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். இரண்டு நாளாக எதையும் தொடாதவர் இன்று தட்டைக் காலி செய்தார். பார்க்க முடியவில்லை என்னால்.

மார்ச் 19

அப்பா போய்விட்டார். என் பொய்யை நம்பிக்கொண்டே.

ஏப்ரல் 2

மியூசியம் திறப்பு. சரக்குக் கப்பலில் இறந்தவர்களின் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள் — எனக்கு அது தோன்றவே இல்லை. என்னைவிட மூத்த ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பா அந்தக் கப்பலில் சமையல்காரர்.

"கப்பல்ல குண்டு பட்டதுமே போயிட்டாரு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க. உங்கப்பா அவனுங்களைச் சும்மா விடலை. அதுவே எங்களுக்குப் போதும்மா."

அண்ணன் எங்களைப் படம் எடுத்தான். அவர் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 3

சீ.

ஏப்ரல் 8

அட்டையை எடுக்கச் சொல்லி, காரணத்தையும் எழுதி, மியூசியத்தில் கொடுத்துவிட்டேன். அண்ணன் போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 10

அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். மியூசியம் மூலமாக அவருக்குச் செய்தி தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். சொன்னேன். துடுப்பு, நாலு குண்டு, ஒன்பது பேர். அவர்களில் அவருடைய அப்பா இருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன். திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று தயாராக இருந்தேன்.

வெகுநேரம் முந்தானையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"படகுல இருந்திருந்தா, நம்ம கப்பல் வர்றதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டிருப்பாரு, இல்ல?"

ஆமாக்கா என்றேன்.