நாற்பது தப்படி உள்ளே

பெரியவனின் அம்மாவுக்கு, நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

புயலில் நம் வீட்டு ஓடெல்லாம் பறந்து, பெரியவனும் பிறந்தானே, அந்த வருஷம்தான் இந்த ஏரிக்கரை நாணலை அழகுக்காக வேரோடு பிடுங்கினோம். அடுத்த மழையில் கரை கரைந்து, தண்ணீர் சேறாகி, மீன்கள் செத்து மிதந்தன. நாணல் மறுபடி அடர இத்தனை காலம் பிடித்தது. இப்போது புதிதாக வந்த இன்ஜினீயரம்மாவும் அதை வழித்தெடுக்க மிஷினோடு வந்துவிட்டார். பதறிப்போனேன்.

"அப்ப கரையில நட்ட பழைய எல்லைக்கல் இப்ப நாப்பது தப்படி உள்ளே, தண்ணிக்கடியில கிடக்கும்மா. நாணல் போனதும் கரையும் அவ்வளவு தூரம் போயிடுச்சு" என்றேன்.

"காவக்காரரே, கதை விடாதீங்க" என்று சிரித்தார்.

படகில் போய்க் கழியால் குத்தினோம். கல் தட்டுப்பட்டது. அவர் முகம் மாறிவிட்டது. மிஷின் திரும்பிப் போயிற்று. நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இதை எழுதித் தருவதும் அவர்தான். அதனால் திட்ட வழியில்லை.

நீ தைத்த பழைய போர்வையை அனுப்பு. அறையில் பேச்சுத்துணை இல்லை, ரேடியோவுக்கு பேட்டரியும் வை. அவருக்கு ஜீப் வந்துவிட்டது, முடிக்கிறேன். உன் தம்பிக்கு இதைப் படித்துக் காட்டு. அந்தக் கல்லை நட்டவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான்.