சுவரில் இல்லாத ஹாலி சார்

1932, மே 9

இயற்பியல் தேர்வில் விடைக்குப் பதில் இதை எழுதிவைத்து, ஹாலி சாரிடம் மாட்டிக்கொண்டேன்:

சர் ஐசக் நியூட்டன்
நம் வாத்தியார்களுக்கெல்லாம் பாட்டன்.
தலையில் விழுந்ததைப் பேசாமல் தின்றிருந்தால்,
நான் தேறியிருப்பேன், மனிதர் அத்தோடு நின்றிருந்தால்.

மதிப்பெண் பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில், ‘பாட்டுக்கு ஏழு’. இவரை எப்படி வெறுப்பது?

மே 17

பொது அறைச் சுவரில் இனி இடமில்லை. சிகரெட் பெட்டிக்குள் வரும் பிரபலங்களின் பட அட்டை. ஒவ்வொன்றின் கீழேயும் என் நாலு வரிக் கிண்டல். ராஜாக்கள், தளபதிகள், பிஷப்புகள். எங்கள் மேயர் தன்னுடையதற்கு ஆள்விட்டுப் பிரதி கேட்டாராம்! யார்க்‌ஷயரில் பிடித்தவரைத்தான் கிண்டல் செய்வோம். பிடிக்காதவருக்கு வணக்கம் மட்டும்.

பக்கத்து பெஞ்சு கிளெக் ஹாலி சாரின் அட்டையை நீட்டினான். சார் இளவயதில் இங்கிலாந்துக்காக ஆடியது ஒரே ஒரு கிரிக்கெட் டெஸ்ட். முதல் பந்திலேயே ஸ்டம்பு பறந்தது. மறுநாளிலிருந்து ஆட்டம் மழையில் போயிற்று. அப்புறம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

“வேணாம்டா, பாவம்” என்றேன்.

ஜூன் 3

சார் சுவரை முழுக்கப் படித்தார். கடைசியில், “நான் மட்டும் இல்லையே. செத்துட்டேனா?” என்றார்.

“செத்தவங்கதான் சார் அதிகம் இருக்காங்க.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இந்த ஊர்ல யாரும் என் முன்னாடி அந்தப் பந்தைப் பத்திப் பேசறதில்லப்பா. எழவு வீடு மாதிரி பேச்சை மாத்திடறாங்க. இப்ப நீயுமா?”

ஜூலையோடு ஓய்வுபெற்றுப் போகிறார். நான் செய்தது இரக்கமா? இல்லை — வணக்கம்.

ஜூன் 4

எழுதினேன். கிழித்தேன். அழுதுவிடுவாரோ?

ஜூன் 8

கொடுத்துவிட்டேன்.

நாட்டுக்கு ஆடப்போனார் ஹாலி,
முதல் பந்திலேயே காலி.
மற்ற பத்துப் பேரும் மாலைவரை வெயிலில் காய்ந்தார்;
இவர் மட்டும் சூடு ஆறுமுன் தேநீர்மேல் பாய்ந்தார்.

இரண்டு முறை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“மூணாவது வரி ரொம்ப ஒழுங்கா நடக்குது. இந்த மாதிரிப் பாட்டு நொண்டணும்டா.”

‘வெயிலில்’ என்பதை அடித்து, ‘மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்தபடி’ என்று எழுதினார். அவரே சுவரில் குத்தினார், கடற்படைத் தளபதி நெல்சனின் அட்டையை நகர்த்திவிட்டு!

ஜூலை 16

ஆசிரியர்களுக்கும் எங்களுக்கும் ஆட்டம். பந்தை மெதுவாகப் போட்டால் காதைத் திருகுவேன் என்று சார் கிளெக்கை எச்சரித்திருந்தார். அவன் மெதுவாகப் போடவில்லை.

சாருக்கு முதல் பந்து. ஸ்டம்பு பறந்தது.

மைதானமே தரையைப் பார்த்தது. கிளெக் முகம் வெளுத்துவிட்டது. சார் மட்டையைத் தலைக்கு மேலே தூக்கினார், சதம் அடித்தவர்போல.

“நாட்டுக்கு ஆடப்போனார் ஹாலி!” என்று அவரே ஆரம்பித்தார்.

மிச்சத்தைப் பள்ளி மொத்தமும் சொன்னது. மூன்றாவது வரியில் எல்லோரும் தடுக்கி விழுந்தோம்.

நான் போனபோது தேநீர் மேசையில் தனியாக இருந்தார். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிவைத்திருந்தார்.