எட்டுக் கடல்

எடின்பரோ,
11.2.1968

அன்புள்ள சுந்தரி,

குளிரைப் பற்றி எழுதினால் அம்மா கவலைப்படுவாள். நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்.

போன வாரம் மேற்குத் தீவுகளுக்குப் போய்வந்தேன். நான் படிக்கும் கேலிக் என்ற பழைய ஸ்காட்லாந்து மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். "என்னிடம் பசு இருக்கிறது" என்று நாம் சொல்வதுபோலவே, ஆங்கிலத்தில் இல்லாத அதே அமைப்பில், அவர்களும் சொல்கிறார்கள்! கடலில் மூழ்கிப்போன கணவனுக்காக ஒருத்தி அழுத பழைய பாட்டு ஒன்றும் கேட்டேன். அவனையே பார்த்துக் கேள்வி கேட்கிறாள். அப்படியே நம்மூர் ஒப்பாரி.

இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அத்தியாயம் எழுத ஆசை. கல்லல் பக்கத்துப் பெண்கள் பாடும் ஒப்பாரிகளைச் சொல் மாற்றாமல் எழுதி அனுப்புவாயா? பாடியவர் பெயர், வயது, ஊர் வேண்டும். இதனால் சித்திரையில் வர முடியாது. கார்த்திகை ஆகிவிடும். கோபித்துக்கொள்ளாதே.

உன்,
காசிவிஸ்வநாதன்

கல்லல்,
17.3.1968

அன்புள்ள அத்தானுக்கு,

புருஷன் சீமையில் இருக்கும்போது பெண்டாட்டியை ஒப்பாரி எழுதச் சொன்ன மனுஷர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். "வெளக்கு வைக்கிற வீட்டுல ஒப்பாரியா? வெளங்குமாடி?" என்று அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சரி, வயலில் வைத்து எழுதலாம் என்று நடவுக்கு வந்த கருப்பியைக் கேட்டேன். "எழவு விழாம எப்பிடித் தாயி அழுக வரும்?" என்றாள். அதுவும் நியாயம்தானே? பிறகு புதுவயல் ஊரில் ஒரு பெரியவர் தவறிப்போனார். துக்கம் கேட்கப் போகிற சாக்கில் நோட்டோடு போனேன். அங்கே ஒப்பாரி வைத்த பொன்னுத்தாயி எல்லார் முன்னாலும், "அழுக வந்தீகளா, எழுத வந்தீகளா?" என்று கேட்டுவிட்டாள். மானம் போயிற்று.

ஆனாலும் எப்படியோ ஏழு பாட்டுச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஏழாவதற்கு மட்டும் பெயர் எழுத விட்டுப்போயிற்று.

செக்காலையில் கடை வைத்திருக்கிறவர் ஸ்காட்லாந்து என்றதும் நீங்கள் போலீஸ் வேலைக்குப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை. ஒன்று கேட்கிறேன்: கடலில் போனவன் சாகவும் இல்லை, திரும்பவும் இல்லை என்றால் அந்தத் தீவுப் பெண்கள் என்ன பாட்டுப் பாடுவார்கள்?

இப்படிக்கு,
கல்யாணசுந்தரி

எடின்பரோ,
5.5.1968

அன்புள்ள சுந்தரி,

நீ அனுப்பியது புதையல்! அதிலும் அந்த ஏழாவது பாட்டு:

கட்டி வச்ச கூடிருக்கு
கதவும் தெறந்திருக்கு
எட்டுக் கடல் தாண்டிப்போயி
எந்தக் கரை தங்கினீக?

நம் கதைகளில் எல்லாம் ஏழு கடல்தான். இதில் மட்டும் எட்டு! நம் பக்கத்து ஆட்கள் கப்பலேறிப் போன பழைய காலத்து நினைவு இதில் ஒட்டியிருக்கிறது என்பது என் ஊகம். முந்நூறு வருஷமாவது இருக்கும். பேராசிரியரிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இதன் மூலத்தைத் தேட இன்னும் இரண்டு வருஷம் இருந்து ஆராயச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். நீ புரிந்துகொள்வாய்.

பாடியது யார்? என்ன வயது? உடனே எழுது.

உன்,
காசி

கல்லல்,
21.5.1968

அத்தானுக்கு,

பாடியது நான். வயது இருபத்தாறு. ஊர் கல்லல்.

சித்திரையில் வர முடியாது என்ற கடிதம் வந்த அன்று, அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது வாயில் வந்தது. "கட்டி" என்று தொடங்கிவிட்டேன். அதற்கு எதுகையாக "எட்டு" போட்டேன். ஏழு என்று போட்டால் ஓசை இடிக்கிறது. முந்நூறு வருஷம் எல்லாம் இல்லை.

என் குரல் தெரிகிறதா பார்க்கலாம் என்றுதான் பெயர் எழுதாமல் அனுப்பினேன். உங்களுக்குத் தெரியவில்லை. செத்தவனைப் பார்த்து எவளாவது "எந்தக் கரை தங்கினீக" என்று கேட்பாளா? உயிரோடு இருக்கிறவன்தானே தங்குவான்? இவ்வளவு படித்தும் அது கண்ணில் படவில்லையே.

எனக்குக் கோபம். அழுகையும் வருகிறது, எழுதிவிடுகிறேன். அந்தப் பாட்டின் மூலத்தை இரண்டு வருஷம் எங்கே தேடுவீர்கள்? அது இங்கே உங்கள் அம்மாவுக்குக் கேப்பைக்கூழ் கரைத்துக்கொண்டிருக்கிறது.

கல்யாணசுந்தரி

எடின்பரோ,
9.6.1968

சுந்தரி,

உன் கடிதத்தைப் பேராசிரியருக்கு வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். கூழ் வரை வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீ கடைசியாக ஊருக்குப் போனது எப்போது?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இரண்டு வருஷம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதி அத்தியாயத்தை ஊரிலிருந்தே எழுதி அனுப்பலாம் என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் கப்பல் பம்பாய் வந்து சேரும். உன் குரல் எனக்குத் தெரியாமல் போனது வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்டதை இங்கே நான்கு பேரிடம் விசாரித்தேன். சாகாமலும் திரும்பாமலும் இருக்கிறவனுக்கு என்ன பாடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நீ வேறு ஏதாவது கட்டியிருக்கிறாயா?

காசி

கல்லல்,
28.6.1968

அன்புள்ள அத்தானுக்கு,

இன்னொன்று கட்டியிருக்கிறேன். அது ஒப்பாரி இல்லை, வசவு. தபாலில் அனுப்பக் கூடியதாக இல்லை. நேரில் வந்து நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சுந்தரி