கப்பல் ஊதும்வரை பூசணி ஏலம்

அக்கா,

காலையில் நிக்கோபார் பக்கமிருந்து வந்த கப்பலில் உங்களுக்கு ஒரு மூட்டை வந்திருக்கிறது. டிக்கெட் கவுண்டருக்குள் என் காலடியில்தான் கிடக்கிறது. சாக்கின் வாயைப் பிரித்தேன். மஞ்சள் பூசணிக்காய். காம்பில் இன்னும் ஈரமண் ஒட்டியிருந்தது. அந்த மண் வாசமும் கப்பலின் டீசல் வாசமும் கலந்து மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வரிசையில் நின்ற ஆள், "க்யா ஹுவா மேடம்?" என்றார். தூசி என்றேன். மழை பெய்கிற ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் ஏது தூசி?

உங்களைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்குப் பின்னால்தான். இது உங்களுக்குத் தெரியாததா என்ன.

முதல் ஏலம் நடந்த அன்றைக்கே உங்கள் மேல் எனக்குக் கோபம். கடல் கெட்டுக் கிடந்த நாள். கப்பல் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாமல், வெயிட்டிங் ஹால் முழுக்க ஜனம் பெட்டியின் மேலும் மூட்டையின் மேலும் உட்கார்ந்திருந்தது. ஒரு கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், கூடப் போகிற தாய் தகப்பனுக்குத் தங்கவும் சாப்பிடவும் வழியில்லை என்று ஒருவர் தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தார். டப்பாச் சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் செருப்பு வார் அறுந்துவிட்டதுபோல. அத்தனை பேரும் குனிந்து காலையே பார்த்தார்கள்.

நீங்கள் இட்லிக் கூடையோடு ஓரமாக நின்றிருந்தீர்கள். கப்பல்துறை கேட்டுக்கு வெளியே உங்கள் கடை. கட்சால் தீவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பூசணிக்காயை, என் வீட்டுச் சாம்பாருக்கு என்று எடுத்து வந்திருந்தீர்கள். அதைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நீங்களும் ஏறி நின்றீர்கள்.

"கத்து லேலோ பாய், கத்து! கட்சால் கத்து! தங்கம் தோத்துச்சு! மொதக் கேள்வி யாரு?"

இந்தியில் கத்து என்றால் பூசணி. பெஞ்சின்மேல் ஒரு பெண்பிள்ளை ஏறி நின்று பூசணிக்காயை ஏலம் விட்டால் யார்தான் குனிந்தே இருப்பார்கள்? ஒரு லோடர் விளையாட்டாகக் கேட்டார். எல்லோரும் மாசி என்று கூப்பிடுகிற, மீன் விற்கும் பெங்காலிக்காரி அவரை முந்தினாள். அதன்பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் மானப்பிரச்சினை ஆகிவிட்டது. கடைசியில் லோடர் ஜெயித்தார். பணத்தைக் கொடுத்துவிட்டுக் காயை எடுக்கப் போனவரின் கையை நீங்கள் தட்டிவிட்டீர்கள். "எங்க தூக்குறீங்க? திருப்பிக் குடுங்க பாய்சாப், மறுபடி விக்கணும்." ஹாலே சிரித்தது. அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரே காய் அன்றைக்கு எத்தனை முறை விலைபோனதோ, எண்ணியவர் யாருமில்லை. என் வீட்டில் அன்று வெறும் பருப்புச் சாம்பார்.

உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா முடிவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவதைப் பற்றி அப்புறம்தான் சொன்னீர்கள். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து உங்கள் அப்பாவோடு கப்பலேறி, கட்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்துசேர்ந்த வழக்கம் அது. "எலுமிச்சம்பழத்துக்கா காசு குடுக்குறான்? பக்கத்துல நிக்கிறவன்கிட்ட தோக்கக் கூடாதுன்னு குடுக்குறான். நல்ல காரியத்துக்குத் தோக்காம இருந்தா நல்லதுதானே தங்கச்சி" என்றீர்கள்.

அதன்பிறகு கப்பல் தாமதமாகும் நாளெல்லாம் நமக்குத் திருவிழாதான். ஒவ்வொரு தடவையும் ஏதாவதொன்றைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனீர்கள். காயைத் திருப்பிக் கொடுக்கிறவர் சும்மா கொடுக்கக் கூடாது, நீங்கள் காதில் சொல்கிற ஒரு நல்ல சேதியைச் சத்தம்போட்டுச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். ரத்தம் கொடுத்தால் உடம்பு இளைக்காது என்று முரட்டுக் கான்ட்ராக்டர் ஒருவர் கூச்சத்தோடு கத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? பெங்காலி மாசியை, "மார்ல கட்டி தட்டுப்பட்டா மறைக்காத, டாக்டர்கிட்ட காட்டு" என்று இந்தியில் சொல்லவைத்தீர்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். அதைக் கேட்டு அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தி, பிழைத்து வந்து உங்கள் கடையில் இட்லி தின்றாள்.

ஏலத்தில் நீங்கள் மூன்றாம் தரம் சொன்னதே இல்லை. "ஒரு தரம்" என்பீர்கள் தமிழில். இரண்டாம் தரத்துக்கு "தோ பார்" என்பீர்கள் இந்தியில். அப்புறம் கடலைப் பார்த்துக் கையை நீட்டுவீர்கள். "மூணாந்தரம் நான் சொல்லமாட்டேன். அதக் கப்பல் சொல்லும்." ஏறச் சொல்லிக் கப்பல் ஊதுகிற நேரத்தில் யார் கேள்வி நிற்கிறதோ அவருக்குத்தான் காய் சொந்தம். அவர் அதைத் தன் தீவுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டு, விதையை ஊன்றவேண்டும். அந்தக் கொடியில் காய்க்கிற முதல் காய் உங்களுக்குக் கப்பலில் திரும்பி வரவேண்டும். அப்படியே வந்தன. ஹட்பேயிலிருந்து வந்தது, நன்கௌரியிலிருந்து வந்தது. யார் அனுப்பினார்கள் என்று சில சமயம் தெரியவே தெரியாது.

பெயர் சொல்லக் கூடாது என்பது மட்டும் நீங்கள் கடைசிவரை தளர்த்தாத ஒன்று. யாருக்காக ஏலம் என்று ஹாலில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. டிக்கெட் போடுகிறவள் என்பதால் எனக்கு மட்டும் தெரியும். உங்களிடம்கூடச் சொல்லக் கூடாது. "எனக்குத் தெரிஞ்சா கொரல் அழுவும். அழுவுற கொரலுக்கு எவனும் ஏலம் கேக்கமாட்டான்." நோயாளியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டால் இதைவிட நிறைய வருமே அக்கா என்று நான் ஒருநாள் வாதம் செய்தேன். நான் சொன்னதில் தப்பும் இல்லை. எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

நீங்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்த கதையை அன்றுதான் சொன்னீர்கள். "அந்த மனுசன கடல் கொண்டுபோயிருச்சு. நான் ஈரச்சேலையோட நிக்கிறேன். ஒரு வாளியும் கம்பளியும் குடுத்தாங்க. நல்லவுங்கதான். வாளிய ஒசத்திப் புடிம்மா, கேமராவப் பாருன்னாங்க. பாத்தேன். தல கூட வாரல தங்கச்சி. அந்தப் போட்டோ இன்னும் எங்கயோ இருக்கும்ல?" அதற்குமேல் நான் போட்டோ பேச்சை எடுத்ததில்லை.

இப்போது நான் கோபப்படவேண்டிய இடம் வருகிறது.

போன வருடம் மழைக்காலம் தொடங்கியபோது, பூசணிக்காயை நீங்கள் ஒரு கையால் இடுப்பில் அணைத்துத் தூக்குவதைக் கவனித்தேன். இடது கை மேலே எழவில்லை. கேட்டதற்குச் சுளுக்கு என்றீர்கள். சுளுக்குக்கு யார் இப்படி இளைப்பார்கள்? கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை வைக்கிற இடத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். நீங்கள் சேலையை விலக்கிக் காட்டினீர்கள். மார்பில் கல்லுபோல ஒரு கட்டி. எத்தனை பெண்களை எத்தனை பேர் வாயால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள்! ஊருக்கு உபதேசம், உங்களுக்கு மட்டும் இல்லையா என்று கத்தினேன். என் வாயில் வராத வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

"காட்டினா மெயின்லேண்ட் போன்னு சொல்லுவாங்க. போறதுக்குக் காசு? இத்தன நாளு கூவி வித்துட்டு, இப்ப நானே டப்பாவத் தூக்கணுமா? அந்த வாளிய ஒருக்கா தூக்குனது போதும்."

நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்றேன். "உன் புள்ளைங்க படிப்புக் காசு எனக்கு எதுக்கு" என்று வாயை அடைத்தீர்கள். அப்புறம் நான் இழுத்துக்கொண்டு போய்க் காட்டிய உள்ளூர் டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு உங்கள் மசாலா டப்பாவுக்குக் கீழே கிடந்தது. ஒரு வாரம் நான் உங்களோடு பேசவில்லை. என் ஷாதிபூர் வீட்டில் சோறு ஆக்கினால் உப்பு மறந்துபோகும், படுத்தால் தூக்கம் வராது.

பிறகு ஒரு நாள் காலையில் கடைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "அக்கா, ஒரு பேஷண்டுக்கு அவசரமாகச் சென்னை போகணும். இன்னிக்கு ஏலம் போடணும்."

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். இட்லித் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. யாருக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம்தானே.

அன்று ஹாலில் இருந்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் ஏலம் யாருக்கு என்று தெரியும், அக்கா. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்கள் கழுத்து எலும்பையும் தொங்குகிற கையையும் பார்த்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? பெஞ்சில் ஏற உங்களால் முடியவில்லை. லோடர் கைகொடுத்து ஏற்றினார். "கத்து லேலோ பாய்" என்று தொடங்கினீர்கள், பாதியில் மூச்சு வாங்கியது. பெங்காலி மாசி முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டாள். உடனே திரும்பி, யாரும் கேட்காத விலையை முதல் கேள்வியாகக் கேட்டாள். லோடர் அவளைத் திட்டிக்கொண்டே முந்தினார். கான்ட்ராக்டர் எங்கிருந்தோ ஓடி வந்தார். எல்லோரும் வழக்கம்போல வம்பிழுத்தார்கள், சிரித்தார்கள். காயைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எல்லாம், நீங்கள் காதில் சொல்லாமலே, ஒரே சேதியைத்தான் கத்தினார்கள். "மறைக்காத, டாக்டர்கிட்ட காட்டு!" ஆனால் ஒருவர் வாயிலிருந்தும் உங்கள் பெயர் வரவில்லை.

"ஒரு தரம்" என்றீர்கள். "தோ பார்" என்றீர்கள். கையை நீட்டினீர்கள். கப்பல் ஊதியது. கேள்வி கட்சாலுக்குப் போகிற ரப்பர் தோட்டத் தொழிலாளி ஒருவர் பேரில் நின்றது. அவர் காயை இரண்டு கையாலும் வாங்கி, தலைமேல் வைத்துக்கொண்டு கப்பலேறினார்.

ஹால் காலியானதும் என் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "அந்தப் பேஷண்டுகிட்ட ஒண்ணு சொல்லிரு தங்கச்சி. சனம் சிரிச்சுக்கிட்டுக் குடுத்த காசு. அழுதுக்கிட்டே செலவழிக்க வேணாமுன்னு சொல்லு." சொல்லிவிடுகிறேன் அக்கா என்றேன்.

சென்னையில் உங்களோடு நான் இருந்தேன். காசு போதுமானதாக இருந்தது, காலம்தான் போதவில்லை. முன்னமே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் என் முகத்தைத்தான் பார்த்தீர்கள், நான் மறுபடி திட்டுவேனோ என்று. நான் எங்கே திட்டினேன்? உங்களுக்குத் தலை வாரிவிட்டேன். "இங்க கப்பல் சத்தமே இல்லியே, எப்பத்தான் முடியுறது?" என்று ஒரு மத்தியானம் கேட்டீர்கள். ஏலத்தைச் சொல்கிறீர்களா, வேறெதையாவதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. உங்கள் உயிர் போகும்போது வெளியே பஸ்ஸும் ஆட்டோவும்தான் இரைந்தன. ஒரு கப்பல்கூட ஊதவில்லை அக்கா. அதை நினைத்துத்தான் நான் அன்று அப்படி அழுதேன். நர்சுகளுக்குப் புரியவில்லை.

திரும்பி வந்தபின் கப்பல்துறையில் ஏலம் இல்லை. டப்பாக்கள் வந்தன, போட்டோக்கள் வந்தன. எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். நானும்தான்.

இன்று காலை அந்தத் தோட்டத் தொழிலாளிதான் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். நீங்கள் போன செய்தி அவருக்கு அங்கேயே தெரிந்திருக்கிறது. "அக்கா இருந்த பழைய எடத்துக்கிட்ட ஊனுனேன் மேடம். நல்லா புடிச்சிருச்சு. மொதக் காயி. சட்டம் சட்டம்தானே" என்றார். அழுவாரோ என்று பயந்தேன். அவர் மூட்டையின் கயிற்றைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் ஒரு கப்பல் கிளம்பவேண்டியது. கடல் சரியில்லை, தாமதமாகும் என்று இப்போதுதான் அறிவித்தார்கள். பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் பெண் என்னிடம் குனிந்து, ஒருவர் சென்னை போகவேண்டியிருக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்று பெயர் சொல்ல வாயெடுத்தாள். என்னிடம் சொல்லாதே, உன்னோடு வைத்துக்கொள் என்றேன். அவள் விழித்தாள். எனக்கு உங்கள் குரல் கிடையாது. யாருக்கு என்று வேறு தெரிந்துவிட்டால் அவ்வளவுதான்.

லோடர் பெஞ்சைத் துடைத்துப் போட்டுவிட்டார். மாசி மீன்கூடையை இறக்கிவிட்டு என்னையே பார்க்கிறாள். போகிறேன் அக்கா. ஒரு தரம் சொல்வேன், தோ பார் சொல்வேன். மூன்றாம் தரம் சொல்லாத ஏலம் முடிந்ததாக ஆகாது, சட்டம் உங்களுடையது. சென்னையில் உங்களுக்கு அதை எந்தக் கப்பலும் சொல்லவில்லை, உங்கள் ஏலம் இன்னும் முடியவில்லை. நானும் சொல்லமாட்டேன்.