ஓட்டைக் கதிரையும் பன்னிரண்டு அடிகளும்

என் ஆசை அண்ணா,

நேற்று உங்களைத் திரும்பவும் தொலைக்காட்சியில் போட்டார்கள். உங்களை என்றா சொன்னேன்? உங்கள் பெயரும் முகமும் வண்டி வயிறும் இல்லாத ஒரு பயில்வானைப் போட்டார்கள். பிலிப்பைன்ஸ் கம்புக்கலையின் இரகசியப் பயிற்சியாம். யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போன அதே நிகழ்ச்சிதான். இத்தனை வருடத்துக்குப் பிறகு தூசி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் பார்க்கக் கிடைக்காதது நல்லது. முதலில் ஒரு அருவி வருகிறது. திருகோணமலைத் துறைமுகத்தில் அருவி எங்கே அண்ணா இருக்கிறது? அதன் கீழே மேலில் சட்டை இல்லாத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பால் மெழுகுதிரி அணைக்கிறான். பிறகு வரிசையாகத் தேங்காய் உடைக்கிறான். தேங்காய் உடைப்பதுதான் பயிற்சி என்றால் எங்கள் பிள்ளையார் கோயில் வாசலில் எத்தனை வீரர்கள் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பாட்டு முடிவதற்குள் அவன் எல்லாம் கற்று முடித்துப் பன்னிரண்டு பேரை விழுத்திவிட்டான்.

கம்பும் கம்பும் மோதி ஒரே சத்தம். ஒருவன் விரலிலாவது பட வேண்டுமே. உங்களுக்குப் பழக்கிய ரேமன் அதைப் பார்த்திருந்தால் தன் சட்டியைக் கவிழ்த்துவிட்டு எழும்பிப் போயிருப்பார். கோதுமை கொண்டு வந்து, எஞ்சின் பழுதாகி, துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கிடந்த அந்தக் கப்பலின் பிலிப்பைன்ஸ் சமையற்காரர் அவர். நீங்கள் மூட்டை இறக்கப் போனவர். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு இங்கிலீசில் இலக்கம் மட்டும் தெரியும். அந்தக் கலைக்கு அது போதுமாக இருந்தது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அடிகள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அதையே எனக்கும் யூசுப்புக்கும் சொல்வீர்கள். "கம்பில அடிக்கிறவன் மடையன். கம்பு பிடிச்ச கையில அடி. கதை முடிஞ்சுது." யூசுப் உங்களோடு மூட்டை தூக்கிய மூதூர்க் கூட்டாளி. நான் சேர்ந்தது உங்களுக்குச் சோடி இல்லாத நாட்களில் எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. வேப்பமரத்தில் தொங்கிய லொறி டயருக்கு நாளுக்கு ஐந்நூறு அடி. ஒரு மாதம் முழுக்க முதலாம் அடி மட்டும். அதில் என்ன இருக்கிறது என்று படம் பிடிப்பார்கள்? உள்ளங்கை பொக்களம் போடுவதை எந்தத் தொலைக்காட்சி காட்டும்?

அதற்கும் முந்தியது ஒன்று இருக்கிறது. எங்களுக்கு நீங்கள் முதலில் பழக்கியது அடி அல்ல, கதிரை இருக்கைக்குப் பிரம்பு பின்னுவது.

அந்தக் காலத்தில் 'பயிற்சி' என்ற சொல்லை யாராவது வாயில் எடுத்தார்களா? எடுத்தவர்களை, இயக்கப் பயிற்சி என்று நினைத்து, ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதனால் இருக்கையில் ஓட்டை விழுந்த ஒரு கதிரையை வைத்திருந்தோம். அவர்கள் காவல் நிற்கும் சென்றி பொயின்றில் மறித்தால் கதிரை பின்னப் போகிறோம் என்போம். தடித்த பிரம்புதான் எங்கள் கம்பு, அது கைப்பிடிக்கு என்போம், கீறின பிரம்பு இருக்கைக்கு. மூன்று வருடம் அதே கதிரை, அதே ஓட்டை. ஆனால் முதல் மூன்று கிழமையும், இருபத்தொரு நாள், எங்களைக் கம்பைத் தொட விடாமல், வீட்டில் இருந்த மற்றக் கதிரைகளை எல்லாம் அறுத்தறுத்துப் பின்ன வைத்தீர்கள். நான் வாய்க்குள் திட்டினேன். "பொய் சொல்லுறதெண்டா அதைச் செய்துகாட்டவும் தெரிய வேணும்" என்றீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதத்தில் கொழும்பிலிருந்து கமராவோடு அவர்கள் வந்தார்கள். குகை எங்கே இருந்தது என்று கேட்டார்கள். குசினிக்குப் பின்னால் டயரைக் காட்டினேன். கண்ணாடி போட்டவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாங்கள் குப்பையைக் காட்டியது போல. அண்ணா எந்தச் சண்டையில் செத்தவர் என்று கேட்டார். காலமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு நோவு வந்தது என்றேன். கொப்பியை மூடிவிட்டார்.

அதோடு போக விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தப் பார்வை என்னைச் சுட்டுவிட்டது. உங்களை அவர்கள் ஒன்றுமில்லாத ஆளாக நினைப்பது பொறுக்காமல், அலுமாரிக்குப் பின்னால் இருந்த உங்கள் பிரம்பை எடுத்துக் கையில் கொடுத்தேன். கதிரைக்குப் பிரம்பு என்று சொல்லிச் சென்றியைக் கடந்து கொண்டு வந்ததையும் பெருமையாகச் சொன்னேன். தொலைக்காட்சிக்காரரை விட்டுத்தள்ளுங்கள் அண்ணா, அவர்களுக்கு அருவி போதும். என்னைப் போல ஒரு மடைச்சி இந்த உப்புவெளி ஊரில் இருந்திருப்பாளா?

நிகழ்ச்சி முதன்முதல் வந்தபோது, நான் சொன்னதில் அவர்கள் உண்மையாகப் போட்டது அது ஒன்றைத்தான். துறைமுகத்தில் கதிரைப் பிரம்பே ஆயுதம் என்று கம்பீரக் குரலில் ஒருவர் சொன்னார். இரண்டு கிழமை கழித்து, என்னோடு பழக வந்து மூதூர் லோஞ்சுப் படகால் இறங்கிய யூசுப்பை இறங்குதுறையில் மறித்துவிட்டார்கள். ஒரு தோளில் ஓட்டைக் கதிரை, மறு தோளில் பிரம்புக் கட்டு. அதற்குள் சமாதானமும் நூலில் தொங்கிக்கொண்டிருந்த நேரம்.

செய்தி கேட்டுச் சைக்கிளில் ஓடினேன். நான் போகும்போது யூசுப் வெயிலில் நிலத்தில் இருந்தார். சுற்றி நாலு துவக்கு. ஒரு ஆமிக்காரன் தொலைக்காட்சியில் பார்த்தது போலக் கையைச் சுழற்றி மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பெரியவன் கொச்சைத் தமிழில், "கதிரைக்குத்தானே? பின்னு பாக்க" என்றிருக்கிறான். யூசுப் பின்னிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். பின்னலில் ஒரு வரி பிழைத்தால் அவரை எங்கே கொண்டுபோவார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்து கீறின பிரம்பை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். என் கை நடுங்கியது. அவர் என்னைப் பார்க்காமல், "மெதுவா இழு தங்கச்சி, மச்சான் ஏசுவான்" என்றார். நீங்கள் உயிரோடு வேப்பமரத்தடியில் நிற்பது போலச் சொன்னார் அண்ணா. அதோடு என் கை நடுக்கம் நின்றது.

நேராக, குறுக்காக, பிறகு மூலைக்கு மூலை. ஒன்றரை மணித்தியாலம். பெரியவன் கதிரையில் ஏறி இருந்தான், அசைந்து பார்த்தான், சாய்ந்தும் பார்த்தான். கதிரை தாங்கியது. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? கதிரையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, பிரம்புக் கட்டை எங்களிடம் தந்து போகச் சொன்னார்கள்.

இப்போது அந்தச் சென்றியும் இல்லை, அதனால் இதை எல்லோரும் அறிய எழுதுகிறேன். நேற்று நிகழ்ச்சி முடிந்ததும் யூசுப் மூதூரிலிருந்து போன் எடுத்தார். "எல்லாம் காட்டுறாங்கள், எங்கட கதிரையைக் காட்டேல்லையே" என்றார்.

டயர் இன்னும் தொங்குகிறது அண்ணா. நேற்றைய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் கம்படி பழக வேண்டும் என்று இன்று காலை இரண்டு பேர் வந்தார்கள். அருவி எங்கே என்று கேட்கவில்லை, அது ஒரு ஆறுதல். ஆளுக்கு ஒரு கதிரையைக் கொடுத்து இருக்கையை அறுக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று கிழமைக்கு அவர்கள் கையில் கம்பு போகாது. இது நான் உங்களுக்குத் தருகிற சத்தியம்.

உங்களுக்கு எதிரே கம்பு பிடித்து நின்ற,
இப்போது கை நடுங்காத,
உங்கள் தங்கச்சி