தூரத்துக்கு வைக்கும் லென்ஸ்

ஜனவரி 6, 2025 – திங்கள்

இரண்டு கண்ணிலும் புரை. இடது முற்றிவிட்டது. சொன்னவர் டாக்டர் எழில்மொழி, இன்று காலை பதினொன்று பத்துக்கு.

ஆக, எனக்கு முன்பே குணசேகரனுக்குத் தெரிந்திருக்கிறது. மணலி ஆலையொன்றின் மேலாளர். அவருடைய கழிவு டேங்கர் விடியலில் கால்வாயில் கொட்டுவதைப் பாலத்தில் நின்று பார்த்துப் பத்திரிகையில் எழுதியவள் நான். எண் 6143. போன வெள்ளி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விசாரணையில் எழுந்து நின்று சுவரைக் காட்டினார். “மேடம், அந்தக் காலண்டர்ல என்ன தேதி, படிங்க பாப்போம்.” மங்கலாக ஒரு வெள்ளைத் தாள். அன்றைய தேதி மூன்று, மூன்று என்றேன். யாரும் தாள் கிழிக்கவில்லை. அதில் இருந்தது முப்பத்தொன்று.

சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூட.

ஜனவரி 8

எங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் நாலு வரி: ‘வருந்துகிறோம்.’ என்னைக் கேட்காமல் போட்டார்கள். நான் வருந்தவில்லை. வாரியத்திடம் கொடுத்த வாக்குமூலத்தையும் திரும்பப் பெறவில்லை.

அதனால் போலீஸ் பிடித்துவைத்த 6143 இன்னும் காவல் நிலைய வாசலில் நிற்கிறது. மாத்தூரில் தண்ணீர் லாரி வைத்திருக்கும் பவுனம்மாளுடையது. நாலாவது முறையாகப் போன் செய்தாள். “ஏ ரிப்போட்டரு! குடிக்கிற தண்ணி வண்டிமே அது. உன் கண்ணு அவிஞ்சி போச்சின்னா என் பொழப்பும் அவியணுமா?”

குணசேகரன் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள். வேறென்ன?

ஜனவரி 13

லென்ஸ் முடிவு செய்யும் நாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “சின்ன வயசுலேர்ந்து கிட்டப்பார்வை உங்களுக்கு. கண்ணாடியக் கழட்டிட்டுத்தான் படிக்கிறீங்க, எழுதுறீங்க. அப்படியே கிட்டத்துக்கு வெச்சிடறேன். தூரத்துக்கு வெச்சா உங்க கையெழுத்தே கண்ணாடி இல்லாம தெரியாது. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

இரண்டுக்கும் சேர்த்து ஒன்று இருக்கிறதாம். விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம் என்றார். டேங்கர் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வரும். சாட்சிக் கண்ணில் வளையம் வேண்டாம்.

“தூரத்துக்கே வையுங்க.”

“அப்படி யாரைப் பாக்கணும் மேடம், வீட்டுக்காரரையா?”

“அவர் மங்கலாவே இருக்கட்டும்.”

ஜனவரி 20

இடது கண் முடிந்தது. பதினைந்து நிமிடம்.

ஜனவரி 21

கட்டுப் பிரித்தார்கள். விம்கோ நகர் ரயில் நிலையப் பலகையை எதிர்ச் சாலையிலிருந்து படித்தேன். பஸ் எண்களைப் படித்தேன். இதை எழுதும்போது எழுத்து தெரியவில்லை. கோடு சாய்கிறது. பரவாயில்லை.

பிப்ரவரி 17

இடது கண்ணுக்கு முழுப் பார்வை என்று டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியாகிவிட்டது. குணசேகரன் முன் வைக்க.

காலை 5.50, அதே பாலம், அதே இடம். இரண்டு மாதம் பதுங்கியிருந்த டேங்கர் வந்தது. குழாயை இறக்கினார்கள். பின்பக்க எண்ணைப் படித்தேன்.

6148.

மறுபடி படித்தேன். போனிலும் படமெடுத்தேன். எட்டு. எட்டுதான். மூன்றில்லை.

ஐயோ, அந்தம்மா சொன்னது அத்தனையும் நிஜமா?

பிப்ரவரி 18

யாருக்கும் எதுவும் எழுதவில்லை. படுத்தே கிடந்தேன்.

என் எண் தப்பு என்று நானே சொன்னால் குணசேகரன் ஜெயித்த மாதிரி. சொல்லாவிட்டால்? படத்தை மட்டும் கொடுத்து, ‘இது இன்னொரு வண்டி’ என்று விட்டுவிடலாம். யாரு வந்து கேக்கப்போறா? லாரிதான் அங்கேயே துருப்பிடிக்கும்.

பிப்ரவரி 19

வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே கடிதம். முதல் வரி: ‘டிசம்பரில் நான் தெரிவித்த எண் தவறு.’ படம் இரண்டாவது பக்கத்தில். பிறகு மாத்தூர் போனேன். பவுனம்மாள் உள்ளே கூப்பிடவில்லை.

“சாரியெல்லாம் உன் பேப்பர்ல போடு. இன்னா, இப்பத்தான் கண்ணு தொறந்துதா?”

“ஆமாம்” என்றேன். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கத்தினாள்.

“த்தா, நில்லு! அந்த நாப்பத்தெட்ட ஓட்றவன் எனக்குத் தெரிஞ்சவன்தான். அது எந்த கம்பெனி வண்டின்னு நான் வந்து சொல்றேன். உனக்கோசரம்னு நெனச்சிக்காத. என் வண்டி ரெண்டு மாசம் நின்னுகினு கீது பாரு, அதுக்கோசரம்.”

பிப்ரவரி 26

லாரியை விட்டுவிட்டார்கள். தகவல் சொன்னது பவுனம்மாள். மூன்று வார்த்தை பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 6 – வியாழன்

விசாரணை. என் தவறை நானே முதலில் வாசித்தேன், படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு. குணசேகரன் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து பவுனம்மாளைக் கூப்பிட்டார்கள். ஓட்டுநரின் பெயர், டேங்கர் எந்த வாசலில் கழிவு ஏற்றுகிறது, வாரத்தில் எந்த நாட்கள், எல்லாம் சொன்னாள். நடுவில் குணசேகரனைப் பார்த்து, “இன்னா சார், சிரிப்பக் காணோம்?” என்றாள். அதிகாரி மேசையைத் தட்டினார். குணசேகரன் முகத்தில் வியர்வை இறங்கியதைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். துளித் துளியாகத் தெரிந்தது.

டேங்கரின் பயணப் பதிவேட்டைக் கொண்டுவர ஒரு மாதம் கேட்டார். ஒரு நாள் போதும் என்றேன். மார்ச் 17, திங்கள், காலை பதினொன்று வரை கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகே உத்தரவு.

வலது கண் ஏப்ரல் 2. அதையாவது கிட்டத்துக்கு வைக்கட்டுமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். உத்தரவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.